கீமோவுக்கு முன்னும் பின்னும்: ஆண்கள் கேட்க வேண்டியவை, பார்க்க வேண்டிய பரிசோதனைகள்

புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சைக்காக ஊட்டியிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் மலையிறங்கிக் கோயம்புத்தூருக்குச் செல்லும் ஆண்கள், முடி கொட்டுமா, வாந்தி வருமா என்று கேட்பார்கள்; பிள்ளைப்பேற்றைப் பற்றிக் கேட்கத் தயங்குவார்கள். பக்கத்தில் தாயாரோ தமையனோ அமர்ந்திருக்கும்போது அந்தக் கேள்வி நாவில் வராதுதான். ஆனாலும் முதல் மருந்து ஏறுவதற்கு முன்பே அதைக் கேட்டாக வேண்டும். கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள்.

விரைகளுக்கு இரண்டு வேலைகள் உண்டு. விந்தணுக்களை உண்டாக்குவது ஒன்று. தம்மிலுள்ள லேடிக் செல்கள் வழியாக, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைச் சுரப்பது மற்றொன்று. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, முதல் வேலையை எஃப்.எஸ்.எச். ஹார்மோனாலும் இரண்டாவதை எல்.எச். ஹார்மோனாலும் முடுக்கிவிடுகிறது. கீமோ மருந்துகள் வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குபவை என்பதால், விந்தணுவாக வளர்ந்துவரும் செல்களே முதலில் அடிபடுகின்றன. லேடிக் செல்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடுகின்றன. எனவே டெஸ்டோஸ்டிரோன் சரியான அளவில் இருந்து, தாம்பத்தியத்திலும் குறை தெரியாத ஒருவருக்கு, விந்தில் ஓர் அணுகூட இல்லாமல் போகலாம். சைக்ளோபாஸ்ஃபமைடு, புரோகார்பசின், புசல்ஃபான் போன்ற மருந்துகளில் இந்த ஆபத்து மிகுதி. கொடுக்கப்படும் மொத்த அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும்.

ஆகவே விந்தணுக்களை உறைய வைத்துச் சேமிப்பதுதான் முதல் வேலை. திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில், அவை பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். மாதிரியை வீட்டில் எடுத்துக்கொண்டு போக நினைக்காதீர்கள். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள், குளிரோ கடும் வெப்பமோ படாமல், அது ஆய்வகத்தைச் சேர வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் கடந்து கோவையை எட்டுவதற்குள் அந்த நேரம் கடந்துவிடும், மார்கழி உறைபனியில் மாதிரி குளிர்ந்தும் போகும். கீழேயே ஓரிரு நாள் தங்கி, சேமிப்பு மையத்திலேயே மாதிரி கொடுங்கள். இரண்டு முதல் ஐந்து நாள் விந்து வெளியேறாமல் இருப்பது நல்லது. சிகிச்சை அவசரமென்றால் ஒரு நாள் இடைவெளியே போதும் என்று மருத்துவர் சொல்லக்கூடும். ஆண்டுச் சேமிப்புக் கட்டணத்தையும் அப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இரத்தப் பரிசோதனை. டெஸ்டோஸ்டிரோன், எல்.எச்., எஃப்.எஸ்.எச். மூன்றையும் கீமோவுக்கு முன் ஒரு முறையும், முடிந்து சில மாதங்கள் கழித்து மீண்டும் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும் என்பதால், பத்து மணிக்குள், வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும். இதற்காக விடியற்காலைப் பேருந்தில் மலையிறங்கி நண்பகலில் ஆய்வகம் சேர்வதைவிட, ஊட்டியிலோ குன்னூரிலோ இரத்தம் கொடுத்துவிட்டு முடிவுத் தாளை எடுத்துச் செல்வதே சரி. எஃப்.எஸ்.எச். உயர்ந்திருந்தால் விந்தணு உற்பத்தி குன்றியிருக்கிறது என்று பொருள். எல்.எச். உயர்ந்து டெஸ்டோஸ்டிரோன் கீழ் எல்லையை ஒட்டியிருந்தால், லேடிக் செல்களும் சிரமப்படுகின்றன. மூன்றும் தாழ்ந்திருந்தால், ஸ்டீராய்டு அல்லது மார்ஃபின் வகை வலி மருந்துகள் பிட்யூட்டரியை அடக்கியிருக்கலாம். அவற்றின் பெயர்களை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே வந்தால், இன்னொரு காலையில் மறுபடி பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

நாள் முழுதும் தேயிலைக் கவாத்து வெட்டியவர், சிகிச்சை முடிந்து ஓராண்டாகியும் அரை நாளில் ஓய்ந்துபோனால், அதை நோயின் களைப்பென்று விட்டுவிடாமல் ஹார்மோனைப் பாருங்கள். தாம்பத்திய நாட்டக் குறைவும், விடியலில் விறைப்பு வராததும், எலும்பு தேய்வதும் டெஸ்டோஸ்டிரோன் குறைவாலேயே இருக்கலாம். ஆனால் பிள்ளை வேண்டும் என்றிருப்பவர் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைத் தாமாகப் போட்டுக்கொள்ளவே கூடாது: வெளியிலிருந்து வரும் ஹார்மோனைக் கண்டதும் பிட்யூட்டரி தன் வேலையை நிறுத்திவிடும், மிச்சமிருந்த விந்தணு உற்பத்தியும் அடங்கிவிடும். பலருக்கு இதை யாரும் சொல்வதில்லை என்பதே என் கவலை.

சிகிச்சையின்போதும் அதன் பின்னும் உருவாகும் விந்தணுக்களில் மரபணுச் சேதம் இருக்கக்கூடும் என்பதால், மருத்துவர் சொல்லும் காலம்வரை, பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு அல்லது அதற்கு மேலும், ஆணுறை பயன்படுத்துங்கள். விந்தணு ஒன்று உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆகும். உற்பத்தி மீள்வதற்கோ சிலருக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். முதல் விந்துப் பரிசோதனையில் பூஜ்யம் என்று வந்தால், சில மாதங்கள் விட்டு மீண்டும் கொடுங்கள்.