தொடைச் சிரையை எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

வயிற்றுப் பெருந்தமனியில் வைத்த செயற்கைக் குழாயில் கிருமி பிடித்துவிட்டால், அதைக் கழற்றிவிட்டு நோயாளியின் தொடை ஆழ்சிரையையே அந்த இடத்தில் தைக்கலாம். அமெரிக்காவின் டாலஸில் அறுவை மருத்துவர் கிளாகெட்டின் குழுவினர் 1993-இல் எழுதிய முறை இது. முதல்முறை உதவிக்கு நிற்பவர்கள் எல்லோரும் வயிற்றையே எட்டிப் பார்க்கிறார்கள். நீங்கள் காலைப் பாருங்கள்.

முன்கூட்டியே இரண்டு காலுக்கும் டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) எடுத்துவிடுங்கள். பழைய ரத்தக்கட்டு இருந்த சிரையும் சுருங்கிய சிரையும் உதவாது. அறிக்கையில் 'சூப்பர்ஃபிஷியல் ஃபெமரல்' (மேலோட்டமான தொடைச் சிரை) என்று இருந்தால் ஏமாறாதீர்கள். பெயரில்தான் மேலோட்டம், ஆள் ஆழ்சிரைதான்.

வயிற்றைத் திறக்கும் முன்பே சிரையைப் பிரித்துவிட வேண்டும். ஆனால் தேவைப்படும்வரை அது காலிலேயே கிடக்கட்டும். தொடையின் முன்பக்கம் சாய்வாக ஓடும் சார்டோரியஸ் தசையின் வெளி ஓரமாக வெட்டி, தசையை உள்பக்கம் ஒதுக்குங்கள். அந்தத் தசைக்கு ரத்தம் உள்பக்கமிருந்துதான் வருகிறது. கூடவே ஓடும் சஃபீனஸ் நரம்பை (காலின் உள்பக்கத் தோலுக்கு உணர்வு தருவது) இழுக்காதீர்கள்.

மேலே, புரஃபண்டா சிரை (தொடையின் இன்னொரு ஆழ்சிரை) வந்து சேரும் இடம்தான் முக்கியம். இனிமேல் காலின் ரத்தம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் திரும்பப் போகிறது. அதைத் தொடாமல், சந்திப்பை ஒட்டியே வெட்டுங்கள். துண்டு மிச்சம் வைத்தால் அதில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும். கீழே முழங்கால் மட்டத்தைத் தாண்ட வேண்டாம். நீளம் கொஞ்சம் கூடக் கிடைக்குமே என்ற ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

சிரையின் கிளைகளை வெறும் முடிச்சில் விடாதீர்கள். ஒருமுறை நான் அப்படி விட்டேன். ரத்தத்தை நிறுத்திவைத்த கிளாம்ப்பைத் (இடுக்கியை) திறந்ததும் தமனி அழுத்தத்தில் முடிச்சு கழன்று, வயிற்றுக்குள் ரத்தம் பீய்ச்சியது. அப்புறம் பெரிய கிளை ஒவ்வொன்றையும் ஊசி கோத்துத்தான் கட்டுகிறேன்.

சட்டைக் கையைப் புரட்டுவதுபோல் சிரையை உள்வெளியாகப் புரட்டி, வால்வுகளைக் கண்ணால் பார்த்து வெட்டுங்கள். இப்படிச் செய்தால் சிரையைத் தலைகீழாக்க வேண்டாம், அகன்ற முனை பெருந்தமனிப் பக்கம் வரும். அந்த அகலமும் போதாவிட்டால் இரண்டு கால் சிரைகளின் மேல்முனைகளையும் பிளந்து, கால்சட்டை மாதிரி இணைத்துத் தைக்கலாம்.

முடிந்ததும் காலை உயர்த்தி வையுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வலி சொல்லமாட்டார். அதனால் கெண்டைச்சதையை நீங்களே அடிக்கடி அமுக்கிப் பாருங்கள். தோலுக்கடியில் ஓடும் சஃபீனஸ் சிரையும் ஏற்கெனவே எடுக்கப்பட்ட கால் என்றால் இன்னும் உஷார். சதை வீங்கி இறுகிவருகிறது என்று தோன்றினால் விடியட்டும் என்று காத்திராமல் சீனியரை எழுப்புங்கள். தசை உறையைத் திறந்துவிட வேண்டியிருக்கும்.