ஆப்ஷனல் லைப்ரரி இல்லன்னா யூசர்கிட்ட எப்ப சொல்லணும்?

பைத்தான்ல பேக்கேஜ் எழுதுறவங்க, ஆப்ஷனல் லைப்ரரி, அதாவது கட்டாயமில்லாத, சில வசதிக்கு மட்டும் தேவைப்படுற லைப்ரரி, யூசர்கிட்ட இல்லன்னா ட்ரை-எக்செப்ட் (எரர புடிக்கிற கோட்) போட்டு சத்தமில்லாம பாஸ் பண்ணிடாதீங்க, ஏன் ஸ்லோவா ஓடுது, ஏன் ஒரு வசதி காணோம்னே தெரியாம யூசர் தவிப்பாங்க. அதுக்குன்னு இம்போர்ட் பண்ணின உடனே வார்னிங் கொட்டவும் வேணாம், அந்த வசதிய தொடாதவங்களுக்கு அது வெறும் தொல்லை. அந்த ஃபங்ஷன கூப்பிடும்போது சொல்லுங்க. டேட்டாவ கையாளுற பாண்டாஸ் லைப்ரரி இத அழகா பண்ணுது, எக்செல் ஃபைல படிக்கப் போகும்போது அதுக்குத் தேவையான ஓப்பன்பைஎக்செல் லைப்ரரி இல்லன்னா அப்பதான் எரர் வரும், எத இன்ஸ்டால் பண்ணணும்னு பேரோட வரும். வேற வழில வேலை நடக்கும்னா வார்னிங் போதும், நடக்கவே நடக்காதுன்னா எரர்தான் சரி. இன்னொன்னு, எல்லா எரரையும் புடிக்கிற வெறும் எக்செப்ட் போடாம, லைப்ரரி கிடைக்கலன்னா வர்ற, பைத்தான் 3.6லேந்து இருக்குற மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர மட்டும் புடிங்க, இல்லன்னா லைப்ரரி இருந்தும் உள்ள உடைஞ்சு கெடந்தா அதையும் சேத்து முழுங்கிடும்.