பக்கத்து வீட்டுக்காரங்க பேரே தெரியாதா? இப்படி ஆரம்பிச்சு பாருங்க

முதல்லயே சொல்லிடறேன், தனியா இருக்கறது ஒண்ணும் குத்தமில்ல. எல்லாரும் அடுத்த வீட்டு விஷயத்துல மூக்கை நுழைச்சுட்டு, எங்க போறே யாரு கூட பேசறேன்னு கேட்டு உயிரை எடுத்த காலத்தை எனக்கு திரும்ப கொண்டு வரவும் வேண்டாம். ஆனா காய்ச்சல்ல எந்திரிக்க முடியாம கெடந்தா கதவைத் தட்டிப் பாக்க ஒரு ஆளாவது வேணுமில்ல, அதுக்கு என்ன பண்றதுங்கறது மட்டும்தான் இங்க மேட்டர்.

சும்மா சொல்லல. 1995 ஜூலைல சிகாகோல அடிச்ச வெயில்ல 700 பேருக்கு மேல செத்தாங்க, அதுல நிறைய பேரு தனியா இருந்த வயசானவங்க. அதே ஊர்ல அடுத்தடுத்து இருந்த ரெண்டு ஏழை ஏரியாவை எடுத்துக்கிட்டா, தெருவுல கடை, ஆள் நடமாட்டம்னு இருந்த பக்கம் சாவு ரொம்பக் கம்மி.

சரி, எங்க ஆரம்பிக்கறது? உதவி பண்ணப் போகாதீங்க, உதவி கேளுங்க. நம்ம எல்லாருக்கும் "யாருக்கும் தொந்தரவு குடுக்கக் கூடாது"ன்னு ஒரு கெத்து இருக்கு பாருங்க, என்னைக் கேட்டா ஆளாளுக்கு ஒதுங்கிப் போனதுக்கு பாதி காரணம் அதுதான். ஒரு ஏணி வேணும்னா ஆன்லைன்ல ஆர்டர் போடாம எதிர் வீட்டு பெல்லை அடிங்க, "பல்பு மாத்தணும், ஏணி இருக்குமா"ன்னு கேளுங்க, வேலை முடிஞ்சதும் அன்னைக்கே துடைச்சு கொண்டு போய் குடுங்க, குடுக்கும்போது போனைப் பாக்காம வாசல்ல ரெண்டு நிமிஷம் நின்னு பேசுங்க, அவ்வளவுதான். உடனே பதிலுக்கு ஏதாவது வாங்கிக் குடுத்து கணக்கை நேர் பண்ணிடாதீங்க, கொஞ்சம் பாக்கி இருக்கட்டும், அப்பதான் நாளைக்கு அவங்களுக்கும் உங்ககிட்ட கேக்க கூச்சம் போகும்.

அடுத்து, தெனமும் கண்ணுல படுங்க. அமெரிக்காவுல எம்ஐடிங்கற யுனிவர்சிட்டியோட மாணவர் குடியிருப்பைப் பத்தி ஃபெஸ்டிங்கர்ங்கற உளவியல் ஆய்வாளரோட டீம் 1950ல போட்ட ஆய்வுல, கீழ் தளத்துல மாடிப்படிக்குப் பக்கத்துல வீடு இருந்தவங்களுக்கு மேல் மாடில கூடுதலா ஃப்ரெண்ட்ஸ் இருந்தாங்க. குணம் மணம்லாம் அப்புறம், அடிக்கடி எதிர்ல வந்தாங்க, அதான் விஷயம். அதனால வாக்கிங் போனா ஒரே நேரம் ஒரே ரூட்டு, காதுல ஹெட்போன் வேண்டாம்.

வாட்ஸ்அப் குரூப்பு? இருக்கட்டும், ஆனா அதுல வர்றது குட்மார்னிங் படமும் பார்க்கிங் சண்டையும்தான், நேர்ல பேசறதுக்கு அது ஈடாகாது.

அவசரப்படாதீங்க. தெரிஞ்சவர்ங்கற நிலைமைல இருந்து சாதா ஃப்ரெண்ட் ஆகவே சுமார் 50 மணி நேரம், நெருங்கின ஃப்ரெண்ட் ஆக 200 மணி நேரத்துக்கு மேல சேர்ந்து இருக்கணும்னு ஜெஃப்ரி ஹால்னு ஒருத்தர் 2018ல கணக்கு போட்டிருக்கார். ரெண்டு தடவை சிரிச்சும் பேசலயேன்னு முகத்தைத் தூக்கிட்டுப் போனா எப்படி? சிலருக்கு பழகவே இஷ்டமிருக்காது, விட்டுடுங்க, மொத்த பில்டிங்கையும் திருத்தறது உங்க வேலை இல்ல.

ரெண்டு வீடு செட் ஆனா போதும். நம்பர் மாத்திக்கோங்க, நம்பிக்கை வந்ததும் ஒரு ஸ்பேர் சாவி குடுத்து வைங்க. அதுல யாராவது தனியா இருக்காங்கன்னா இப்பவே பேசி வச்சுக்கோங்க, காலைல பத்து மணிக்குள்ள மெசேஜுக்கு பதில் வரலைன்னா கால் பண்றது, காலும் எடுக்கலைன்னா நேரா போய் கதவைத் தட்டறது.