புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் எம்எஸ்சி மாணவர்களுக்கு: எங்கே தொடங்குவது, எப்படி விண்ணப்பிப்பது

உயிர்வேதியியல், உயிரித்தொழில்நுட்பம், விலங்கியல் என ஏதோ ஒன்றில் எம்எஸ்சி படிக்கிறீர்கள். புற்றுநோய் ஆராய்ச்சிதான் வேண்டும் என்று முடிவும் எடுத்துவிட்டீர்கள். சரி, அடுத்து என்ன? நானும் இதே வழியில் வந்து இப்போது பிஎச்டி செய்கிறேன். எனக்குப் பயன்பட்ட வரிசையிலேயே சொல்கிறேன். செல் சுழற்சி, ஆன்கோஜீன் போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: ஆய்வகம் கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள்

பல கல்லூரிகளில் செல் வளர்ப்பு வசதி கிடையாது. ஆனால் டிசிஜிஏ என்ற அமெரிக்கத் திட்டம் 33 வகைப் புற்றுநோய்களில் 11,000 நோயாளிகளுக்கு மேல் சேகரித்த மரபணுத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பார்க்க என் தேர்வு சிபயோபோர்ட்டல் என்ற இணையதளம். எதையும் நிறுவ வேண்டாம், பிரவுசர் போதும். மூலத் தரவை இறக்கி மல்லுக்கட்டுவதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தளத்தில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கான டிசிஜிஏ பான்கேன்சர் ஆய்வைத் தேர்ந்தெடுங்கள். மரபணுப் பெட்டியில் டிபி53, சிடிகேஎன்2ஏ (இவை இரண்டும் கட்டி வளர்வதைத் தடுப்பவை), யுஎஸ்பி9எக்ஸ் என்ற மூன்றையும் இட்டுத் தேடுங்கள். வரும் படத்தில் ஒவ்வொரு வரிசையும் ஒரு மரபணு, ஒவ்வொரு சிறு கோடும் ஒரு மாதிரி. பெரும்பாலானவற்றில் டிபி53 பழுதாகியிருப்பது தெரியும். எச்பிவி வைரஸால் வந்த கட்டிகளில் மட்டும் அது அநேகமாக அப்படியே இருக்கும். வைரஸின் ஈ6 புரதம், டிபி53 மரபணு உருவாக்கும் பி53 புரதத்தையே சிதைத்துவிடுவதால், மரபணு கெட வேண்டிய தேவை அங்கே இல்லை.

யுஎஸ்பி9எக்ஸ் எதற்கு? புகையிலை மெல்லும் பழக்கத்தோடு சேர்ந்து வரும் கன்னம், ஈறுப் புற்றுநோயை இந்தியக் குழு ஒன்று ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டது. மேற்கு வங்கத்தின் கல்யாணியில் உள்ள என்ஐபிஎம்ஜி என்ற மரபணு ஆய்வு நிறுவனமும், டாடா நினைவு மையத்தின் புற்றுநோய் ஆய்வு மையமான நவி மும்பை ஆக்ட்ரெக்கும் அதில் முன்னின்றன. இந்திய நோயாளிகளிடம் மீண்டும் மீண்டும் மாறியிருந்த மரபணுக்களில் இதுவும் ஒன்று. டிசிஜிஏ நோயாளிகளிடம் எவ்வளவு என்று பாருங்கள். எண் வேறுபட்டால், ஏன்? கட்டி வந்த இடமா, புகையிலையா, மாதிரிகளின் எண்ணிக்கையா? இப்படி ஒரு கேள்வி உங்கள் கையில் இருந்தால், பெரிய ஆய்வகத்தின் கதவையும் தைரியமாகத் தட்டலாம்.

*பின்னர் சேர்த்தது:* சிபயோபோர்ட்டலில் சதவீதம் மிக அதிகமாக வருகிறதே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அந்தத் தளம் திடீர்மாற்றத்தையும் (மியூட்டேஷன்) மரபணுப் பிரதிகளின் கூடுதல் குறைவையும் சேர்த்தே கணக்கிடுகிறது. தேடும்போது மியூட்டேஷன் மட்டும் டிக் செய்து பாருங்கள். சிடிகேஎன்2ஏ எண் மளமளவென்று இறங்கும், ஏனென்றால் அந்த மரபணு பெரும்பாலும் முழுதாகவே இழக்கப்படுகிறது.

மரபணுப் பட்டியலைத் தயவுசெய்து எக்செல்லில் திறக்காதீர்கள். ‘செப்ட்2’, ‘மார்ச்1’ போன்ற பெயர்களை அது தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொல்லைக்காகவே 2020இல் அந்த மரபணுக்களின் பெயர்களை அதிகாரபூர்வமாக மாற்றினார்கள். தரவை அலசப் பயன்படும் ஆர் என்ற நிரல்மொழியை இப்போதே பழகுங்கள்.

படி 2: கோடைக்காலப் பயிற்சி

மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். என்ன செய்ய ஆசை என்று சுருக்கமாக எழுதித் தர வேண்டும், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். படி 1இல் கிடைத்த கேள்வியை இங்கே எழுதுங்கள். ‘சிறுவயதிலிருந்தே ஆர்வம்’ என்ற வரி வேண்டவே வேண்டாம். ஆய்வாளர்களுக்கு நேரடியாக அனுப்பும் மின்னஞ்சலுக்கும் இதே விதிதான்: அவருடைய ஒரு கட்டுரை, அதிலிருந்து உங்களுடைய ஒரு கேள்வி, பத்து வரிக்குள்.

படி 3: நெட் தேர்வும் பிஎச்டி இடமும்

பலரும் நின்று திணறுவது இங்கேதான், நானும் இங்கே ரொம்ப நாள் குழம்பியிருக்கிறேன். சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கிவிட்டால் பிஎச்டி கிடைத்துவிட்டது என்று வீட்டில் இனிப்புக் கொடுத்துவிடுவார்கள். உண்மையில் அது பணத்துக்கான உறுதி மட்டும்தான். 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. இடத்துக்கு ஒவ்வொரு நிறுவனத்திடமும் தனியாக விண்ணப்பித்து, நேர்காணல் போய், கைடு ஒருவர் சம்மதிக்க வேண்டும். ஜேஆர்எஃப் கடிதத்துக்குக் காலாவதித் தேதியும் உண்டு.

அதனால் தேர்வு முடிவு வரும்வரை சும்மா இருக்காதீர்கள். ஆக்ட்ரெக் (பட்டம் தருவது ஹோமி பாபா தேசிய நிறுவனம்), திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையம், ஐஐடி சென்னை, பெங்களூரு ஐஐஎஸ்சி ஆகியவற்றின் சேர்க்கைப் பக்கங்களைக் குறித்துவைத்து மாதம் ஒருமுறை பாருங்கள். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்), டிபிடி (மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறை) ஆகியவையும் ஜேஆர்எஃப் தருகின்றன. ஒரே தேர்வை நம்பி இருக்க வேண்டாம்.

நெட் தேர்வுக்கு ஒரு குறிப்பு: லைஃப் சயின்ஸ் தாளின் 200 மதிப்பெண்ணில் 100, பகுதி சி-யிலிருந்து வருகிறது. அந்தப் பகுதியின் 75 கேள்விகளில் 25 எழுதினால் போதும். பாடத்திட்டத்தின் 4ஆம் அலகில் புற்றுநோய் தனித் தலைப்பாகவே இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

*பின்னர் சேர்த்தது:* எம்பிபிஎஸ், பிடிஎஸ் மாணவர்களுக்கு ஐசிஎம்ஆரின் எஸ்டிஎஸ் என்ற இரண்டு மாத ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. புள்ளியியல் படித்தவர்கள் உங்களுக்கும் இதில் இடம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள்: யாருக்கு, எங்கே, எந்தப் புற்றுநோய் வருகிறது என்று கணக்கெடுக்கும் பதிவேடுகளும் ஆராய்ச்சிதான். அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னைக்கான பதிவேட்டை நடத்துகிறது. அந்தப் பக்கம் போக விரும்பினால், சென்னையிலேயே இருக்கும் ஐசிஎம்ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தில் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பு இருக்கிறது. தகுதி விவரங்களை அவர்களுடைய அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.