கடற்கரை ஊரை வைத்தே சமூக அறிவியல்: ஒரு வலைக்கயிறும் ஒரு நோட்டும் போதும்

எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியலில் பிள்ளைகள் இடறுகிற இடங்கள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று நூற்றாண்டுக் கணக்கு. இன்னொன்று, எந்த அரசாங்கம் எதைப் பார்க்கிறது என்பது. மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிடுவார்கள். அடுத்த வாரம் கேட்டால் நினைவில் இருக்காது. மாலையில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளோடு செய்து பார்த்து, நன்றாகப் பலன் தந்த முறையைக் கீழே எழுதியிருக்கிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை என்று எந்தக் கரையில் இருந்தாலும் அப்படியே செய்யலாம்.

வேண்டியவை: பழைய வலைக்கயிறு, துணி மாட்டும் கிளிப், தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள் (பின்பக்கம் வெள்ளையாக இருக்கும்), பென்சில், ஒரு நோட்டு. கடையில் விற்கிற அச்சடித்த காலக்கோடு சார்ட் வேண்டவே வேண்டாம். அதில் நம் ஊர் இருக்காது. பிள்ளை கையால் முடிச்சுப் போட்டால்தான் கணக்கு மனதில் நிற்கும்.

படி 1: கயிற்றில் காலத்தைக் கட்டுவது

கயிற்றின் இடது பக்கம் மூன்று நான்கு சாண் விட்டுவிட்டு ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள். அதற்கு இடப்பக்கம் பொ.ஆ.மு., வலப்பக்கம் பொ.ஆ. (பழைய புத்தகங்களில் கி.மு., கி.பி. என்று இருக்கும், கணக்கு ஒன்றுதான்.) சிவப்புத் துணியிலிருந்து வலப்பக்கம் சாணுக்கு ஒரு முடிச்சாக 2000 வரை போடுங்கள். முடிச்சுகளுக்கு 100, 200, 300 என்று பெயர்.

இனிமேல்தான் கவனம் தேவை. "அக்கா, 1693 பதினாறாம் நூற்றாண்டுதானே?" என்று கேட்காத பிள்ளை கிடையாது. ஆண்டு பதினாறில் தொடங்குகிறதே என்பதுதான் அவர்கள் நியாயம். விதியைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் பலன் இல்லை. கயிற்றை அவர்கள் கையில் கொடுங்கள். முடிச்சுக்கு ஆண்டு, சாணுக்கு நூற்றாண்டு: இந்த இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். சிவப்புத் துணிக்கும் 100-க்கும் நடுவில் இருக்கிற சாண்தான் முதல் நூற்றாண்டு. அதிலிருந்து ஒவ்வொரு சாணாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வரச் சொல்லுங்கள். 1600 முடிச்சைத் தாண்டிய சாணில் 1693 உட்காரும். எண்ணிப் பார்த்தால் அது பதினேழாவது சாண். 1700? அது அதே சாணின் கடைசி முடிச்சு, ஆகவே அதுவும் பதினேழுதான். 1701-இல்தான் பதினெட்டு தொடங்குகிறது. இடப்பக்கம் போகும்போது எண்ணும் முறை அதேதான், திசை மட்டும் மாறும். பூஜ்ஜியம் ஆண்டு என்று ஒன்று கிடையாது. சிவப்புத் துணி வெறும் எல்லைக்கல்.

அடுத்து, காலண்டர் தாளில் எழுதிக் கிளிப்பில் மாட்ட வேண்டியவை. வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அழகன்குளத்திலிருந்து தொடங்குங்கள். மாநிலத் தொல்லியல் துறை 1986 முதல் பல கட்டமாக அகழ்ந்த இடம் அது. ரோமானியக் காசுகளும் தமிழி எழுத்து (தமிழின் பழைய எழுத்து வடிவம்) கீறிய பானை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. சிவப்புத் துணிக்கு இரு பக்கமும் பரவுகிற மாதிரி ஒரு நீளத் தாளாக மாட்டுங்கள். ஊர் ஒரே நாளில் பிறந்து ஒரே நாளில் மறைவதில்லை என்று பிள்ளைகளுக்கு அப்போதுதான் தெரியும்.

பிறகு ஓரியூரில் அருளானந்தர் என்ற கிறிஸ்தவப் பாதிரியார் ஜான் டி பிரிட்டோ கொல்லப்பட்டது, 1693. அப்போது ராமநாதபுரத்தை ஆண்ட அரசர் கிழவன் சேதுபதி. 1795-இல் ஆங்கிலேயர் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிறக்கிச் சிறை வைத்தார்கள். 1803-இல் ராமநாதபுரம் ஜமீன் ஆனது. 1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து ராமநாதபுரம் மாவட்டம் உருவானது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948. அரசர், ஜமீன்தார், கலெக்டர் என்று வரி வாங்கும் கை எப்படி மாறியது என்பதை இந்த நான்கு தாளை வைத்தே ஒரு பிள்ளை பேசிவிடும்.

செப்பேட்டில் சக ஆண்டு (பழைய இந்திய ஆண்டுக் கணக்கு) வந்தால் 78 கூட்டுங்கள். சக 1615 என்றால் 1693. ஆங்கில வருடம் பிறந்து சக ஆண்டு இன்னும் முடியாத மாதங்களுக்கு மட்டும் 79. இந்த வகுப்புகளுக்கு இவ்வளவு போதும்.

1900-க்குப் பிறகு ஒரே சாணில் தாள்கள் நெருக்கியடிக்கும். அதற்குத் தனிக் கயிறு கட்டுங்கள், சாணுக்குப் பத்து ஆண்டு. பாம்பன் ரயில் பாலம் 1914, புயல் 1964, மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது 1985, சாலைப் பாலம் 1988, புதிய ரயில் பாலம் 2025. இந்தக் கயிற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கொண்டுபோங்கள். "அப்பத்தா, நீங்க எந்த வருசம் பொறந்தீங்க?" என்றால் பதில் வராது. "புயலுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேளுங்கள். "புயலடிச்சப்ப ஒங்க பெரியத்தாவ இடுப்புல தூக்கிக்கிட்டு ஓடுனேன்" என்று வரும். 1964 டிசம்பர் 22 இரவு அது. தனுஷ்கோடிக்குப் போன ரயிலையே கடல் கொண்டுபோன இரவு. அப்பத்தாவின் வாக்கும் வரலாற்றுச் சான்றுதான். வாய்மொழிச் சான்று என்று பெயர். பானை ஓட்டுக்கு ஒரு நிறம், செப்பேட்டுக்கும் கல்வெட்டுக்கும் ஒரு நிறம், வாய்மொழிக்கு ஒரு நிறம் என்று தாளின் மூலையில் புள்ளி வையுங்கள்.

படி 2: வீட்டு வாசலிலிருந்து கடல் வரை ஒரு கோடு

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் வீணாகிவிடும்.

நோட்டை அகலவாக்கில் வைத்து இடது ஓரத்தில் வீடு, வலது ஓரத்தில் நடுக்கடல். இடையில் ஒரு நேர்கோடு. கோட்டில் வரிசையாக எதிர்ப்படுவதை எழுதச் சொல்லுங்கள்: தெருவிளக்கு, குடிதண்ணீர்க் குழாய், ரேஷன் கடை, ஐஸ் கம்பெனி, மீன் ஏலம் போடும் இடம், படகு, கலங்கரை விளக்கம், தீவு, எல்லைக் கோடு. ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு கேள்வி. சட்டம் போட்டது யார்? அதை நடத்துவது யார்?

இந்த இரண்டும் ஒன்று என்று நினைப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். கடல் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பிடிக்கத் தடை இருப்பது நம் கரையில் குழந்தைக்கும் தெரியும். தடை வந்தது நாடாளுமன்றம் 1972-இல் போட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ். ஆனால் கரையில் வந்து பிடிப்பவர் தமிழ்நாடு வனத்துறை ஊழியர். சட்டம் டெல்லி, கை சென்னை. வனவிலங்குப் பாதுகாப்பு பொதுப்பட்டியலில் இருக்கிறது. இரண்டு அரசும் சட்டம் போடலாம். பொதுப்பட்டியல் என்றால் என்ன என்று பத்து வரி எழுத வைப்பதைவிட இந்த ஒரு உதாரணம் நன்றாக ஏறும்.

மீன்பிடிப்பு அப்படியில்லை. அது மாநிலப் பட்டியல். அதனால்தான் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983 என்று நமக்குத் தனிச் சட்டம். கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்பதும், கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் வாங்குவதும் மாநிலத்தின் ஏற்பாடு. ஆனால் நாட்டின் கடல் எல்லைக்கு வெளியே, பொதுவாக 12 கடல் மைலுக்கு அப்பால், மீன்பிடிப்பு மத்தியப் பட்டியலுக்குப் போய்விடும். ஒரே படகு, ஒரே வலை. தூரம் போகப் போக அரசாங்கம் மாறுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தைக்கூட உள்பகுதிக்கு மாநிலமும் வெளிப்பகுதிக்கு மத்திய அரசும் தனித்தனியாக அறிவிக்கின்றன.

கலங்கரை விளக்கம், ரயில் பாலம், கடலோரக் காவல்படை, பக்கத்து நாட்டோடு போடும் ஒப்பந்தம் எல்லாம் மத்திய அரசு. 1974 கச்சத்தீவு ஒப்பந்தம் டெல்லிக்கும் கொழும்புக்கும் இடையில் ஆனது அதனால்தான். ஒரு பெயர்க் குழப்பம் வரும்: கடலோரக் காவல்படை மத்திய அரசின் படை, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் தமிழ்நாடு போலீஸின் பிரிவு. இரண்டையும் வேறு வேறு நிறத்தில் எழுதுங்கள்.

தெருவிளக்கும் குடிதண்ணீரும் உள்ளாட்சி. தொகுதியையும் மாவட்டத்தையும் ஒன்றாக்க வேண்டாம். ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். நம் மாவட்டத்தின் நாலோடு புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கியும் விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியும் சேரும்.

படி 3: ஒரு நாள் மீன்பாட்டில் எத்தனை கைகள்

சமூகம் என்ற பாடத்துக்கு ஒரு நாள் மீன்பாட்டை (அன்று வலையில் கிடைத்த மீனை) எடுத்துக்கொண்டு, அதில் கைவைக்கும் எல்லோரையும் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் எழுதும் பட்டியலில் படகுக்காரரும் கூட வேலை செய்பவர்களும் வருவார்கள். பெண்கள் வரமாட்டார்கள். வலையிலிருந்து மீனைக் கழிப்பவர், தரம் பிரிப்பவர், ஏலம் எடுத்துக் கூடையில் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பவர், தீவுப் பக்கம் மூழ்கிப் பாசி எடுப்பவர், இவர்கள் எல்லாம் யார் என்று கேளுங்கள். பட்டியலை மறுபடி எழுதட்டும். என் கணிப்பில் பாடத்தின் பாதி இந்தத் திருத்தத்திலேயே முடிந்துவிடும்.

சட்டம் வேறு, ஊர் வழக்கம் வேறு என்பதற்கும் நம்மிடமே உதாரணம் இருக்கிறது. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாள். மோதல்களுக்குப் பிறகு இரு தரப்பும் உட்கார்ந்து பேசி வந்த ஏற்பாடு அது.

படி 4: எழுத்தும் மொழியும் ஒன்றல்ல

அப்பத்தா பேசியதை போனில் பதிவு செய்து, பேசியபடியே எழுதுங்கள். பிறகு அதையே பாடப்புத்தகத் தமிழில் எழுதுங்கள். பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் இரண்டு பத்தியில் விளங்கிவிடும். பேச்சில் வந்ததைத் தப்பு என்று சிவப்பு மையால் அடிக்காதீர்கள். வாடை, கொண்டல் என்று நம் கரையில் காற்றுக்குச் சொல்லும் பெயர்கள் சங்கப் பாடல்களிலும் இருக்கின்றன.

பிறகு படி 1-க்குத் திரும்புங்கள். அழகன்குளத்துப் பானை ஓட்டில் இருக்கும் தமிழி எழுத்தை இன்று பழகாமல் நம்மால் படிக்க முடியாது, ஆனால் மொழி தமிழ். கீழக்கரையில் பழைய வீடுகளில் அரபுத் தமிழ் ஏடுகள் உண்டு. எழுத்து அரபி, வாசித்தால் தமிழ். எழுத்து என்பது மொழி உடுத்தும் உடை, அவ்வளவுதான். ஒரு பிள்ளையின் பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தமிழி எழுத்திலும் எழுதிக் காட்டுங்கள். எழுத்து மூன்று, பெயர் ஒன்று.

பின்சேர்க்கை

செய்து பார்த்தவர்கள் கேட்டதிலிருந்து சில. நாலு பிள்ளைகள் நாலு கையால் அளந்து முடிச்சுகள் ஏறுக்குமாறாகிவிட்டன என்றார் ஒரு ஆசிரியை. ஒரே பிள்ளையின் சாணாக இருக்கட்டும், இல்லையென்றால் ஸ்கேல் வைத்து 20 சென்டிமீட்டர்.

தனுஷ்கோடிப் பக்கத்துப் பிள்ளை ஒன்று, 12 கடல் மைல் போனால் இலங்கைக்குள் போய்விடுவோமே என்று கேட்டிருக்கிறது. சரியான கேள்வி. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர்தான். 12 கடல் மைல் என்பதே 22 கிலோமீட்டருக்கு மேல். அதனால் அங்கே 12 மைல் கணக்குச் செல்லாது. இரு நாடும் ஒப்பந்தத்தில் போட்ட எல்லைக் கோடுதான் கணக்கு. நோட்டில் அந்த இடத்தில் 12 என்று எழுதாமல் '1974 கோடு' என்று எழுதுங்கள்.

ராமேஸ்வரம், கீழக்கரைப் பிள்ளைகள் உள்ளாட்சி என்ற இடத்தில் நகராட்சி என்று எழுத வேண்டும். மண்டபம், தொண்டி என்றால் பேரூராட்சி. கிராம ஊராட்சியில் இருப்பவர்கள் படி 2-ஐ முடித்ததும் கிராம சபைக்கு ஒரு முறை போய் உட்காருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். நோட்டையும் பென்சிலையும் கையோடு எடுத்துப் போங்கள். தீர்மானம் வாசிக்கும்போது, எது ஊராட்சியே செய்வது, எது மேலிடத்துக்கு எழுதிக் கேட்பது என்று இரண்டு பத்தியாகக் குறித்துக்கொள்ளலாம்.