கேழ்வரகு மஃபின், புட்டாகாமல் இருக்க

பலாப்பழ சீசனில் பண்ருட்டிப் பக்கம் போனவர்கள் யாரும் வெறுங்கையோடு கடலூர் திரும்புவதில்லை. நாங்களும் ஒரு முழுப்பழம் வாங்கிவந்தோம். தின்று தீராமல் மிஞ்சிய சுளைகளை மஃபினில் போட்டேன். மைதா வேண்டாமே என்று, ஒரு கப் மைதாவுக்குப் பதில் அப்படியே ஒரு கப் கேழ்வரகு மாவு. ஓவனிலிருந்து எடுத்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காகிதக் கப்பைப் பிரித்ததும் கையில் பொலபொலவென்று உதிர்ந்தது. அத்தை ஒரு வாய் போட்டுவிட்டு, "புட்டு நல்லா இருக்கும்மா, தேங்காய்ப்பூ போடலியா?" என்றார்.

தவறு அளவில் இல்லை, மாவின் குணத்தில். மைதாவிலும் கோதுமையிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் தண்ணீர் பட்டதும் இழுபடும் வலைபோல ஆகி, உள்ளே எழும் காற்றுக் குமிழிகளைப் பிடித்துவைக்கிறது. கேழ்வரகு, கம்பு, தினை எதிலும் அது கிடையாது. அதனால் பாதி கேழ்வரகு, பாதி கோதுமை மாவு என்று தொடங்குங்கள். கோதுமையே ஆகாது என்றால் முட்டை சேர்க்க வேண்டும். முட்டை சாப்பிடாதவர்கள் ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் ஊறவைத்துச் சேர்க்கலாம். குளூட்டன் கொஞ்சம் போனாலும் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்காகச் செய்தால், கோதுமை அரைக்கும் மெஷினிலேயே கேழ்வரகை அரைத்து வாங்காதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் கோதுமை மாவே அவர்களுக்குப் போதும்.

அடுத்தது அவசரம். கேழ்வரகு மாவு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். கலந்தவுடன் தண்ணீராகத் தெரிகிறதே என்று இன்னும் இரண்டு கரண்டி மாவைக் கொட்டுவோம். வெந்ததும் செங்கல்தான். மாவைத் தயிரில் கலந்து அரை மணி நேரம் மூடிவையுங்கள். நறநறப்பும் குறையும். ஆனால் சோடா உப்பை முதலிலேயே போட்டுவிட்டு ஊறவைக்கக் கூடாது. தயிரின் புளிப்போடு சேர்ந்ததுமே அது பொங்கத் தொடங்கிவிடும், ஓவனுக்குள் போகும்போது அதில் சக்தி மிச்சமிருக்காது. ஒரு கப் மாவுக்குக் கால் தேக்கரண்டி, அதுவும் கடைசியில். அதற்குள் ஓவன் 180 டிகிரியில் சூடாகி இருக்க வேண்டும்.

கம்பு மாவில் செய்பவர்கள் முதலில் மோந்து பாருங்கள். கம்பில் கொழுப்பு அதிகம், அரைத்துவைத்தால் சீக்கிரம் சிக்குவாடை வந்துவிடும். பழைய மாவின் கசப்பை எந்தப் பழமும் மறைக்காது.

பழத்துக்கு வருவோம். சுளையைப் பெரிது பெரிதாகப் போட்டால் சாறு விட்டுச் சுற்றியுள்ள மாவு வேகாமல் களியாக நிற்கும். கட்டைவிரல் நகமளவு நறுக்கி, வெறும் வாணலியில் ஐந்து நிமிடம் பிரட்டி ஆறவிட்டுச் சேர்க்கிறேன். அன்னாசிக்கும் இதே வைத்தியம். பழம் அடியில் தங்காமலிருக்க மாவில் புரட்டிப் போடச் சொல்வார்கள். அது கொஞ்சம்தான் உதவும், கலவை கெட்டியாக இருந்தால்தான் பழம் நிற்கும்.

நாட்டுச் சர்க்கரை உடம்புக்கு நல்லதாயிற்றே என்று தாராளமாகக் கொட்டுவது எனக்கு எரிச்சலூட்டும் தவறு. அதுவும் சர்க்கரைதான். நன்கு கனிந்த பூவன் பழம் இரண்டை மசித்துப் போட்டால், வழக்கமாகப் போடும் இனிப்பில் பாதி போதும்.

சுடச்சுட டப்பாவில் போட்டு மூடாதீர்கள். கடலூரோ புதுச்சேரியோ, நம் கடற்கரைக் காற்றிலேயே ஈரம் அதிகம். அதோடு ஆவியும் சேர்ந்தால் மேல்பக்கம் பிசுபிசுக்கும், பூஞ்சையும் சீக்கிரம் வரும். நன்றாக ஆறியபின் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் இறுகியிருந்தால் குறுக்கே வெட்டி, தோசைக்கல்லில் அரைச் சொட்டு நெய் விட்டு வெட்டிய பக்கத்தைச் சூடாக்குங்கள். எங்கள் வீட்டில் அத்தை இப்போது முதல் நாள் மஃபினைத் தொடுவதே இல்லை.