மீன்தொட்டிக்குள் அலை: பம்பை விட்டுவிட்டு ஓட வைக்கும் டைமர் சுற்று

பாம்பன்காரர்களுக்குக் கடல் இரண்டு. வடகடல் என்றால் பாக் விரிகுடா, தென்கடல் என்றால் மன்னார் வளைகுடா. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடியில் தென்கடல் புரளும்போது வடகடல் குளம்போலக் கிடக்கும். வாடை பிறந்துவிட்டால் இரண்டும் குணம் மாற்றிக்கொள்ளும். ஆனால் எந்தப் பருவத்திலும் கரையில் நீர் வரும், ஒரு கணம் நிற்கும், திரும்பும். என் வீட்டில் இருக்கும் இரண்டடி உப்புநீர்த் தொட்டியில் அது நடக்கவில்லை. பம்ப் இரவும் பகலும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் தள்ளிக்கொண்டிருந்தது. எதிரே மணல் குழிந்தது. மூலையில் கழிவு படிந்து, படிந்த இடத்திலேயே கிடந்தது.

பம்பைச் சில விநாடி ஓட விட்டு, சில விநாடி நிறுத்தினால் நீர் முன்னும் பின்னும் புரள்கிறது; ஓட்டம் எட்டாத மூலைகளையும் தொடுகிறது. அதற்கான டைமர் சுற்றைத்தான் இங்கே படிப்படியாக விளக்குகிறேன். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சாலிடரிங் அயர்னை இதுவரை கையில் எடுக்காதவரும் இரண்டு மாலை நேரங்களில் முடித்துவிடலாம்.

முதலில் எந்த பம்ப் என்று தீர்மானியுங்கள்

12 வோல்ட் டி.சி.யில் ஓடும், நீருக்குள் மூழ்கும் சிறிய பம்ப் போதும். மணிக்கு 240 லிட்டர் தள்ளும் ரகம் சுமார் 0.35 ஆம்பியர்தான் எடுக்கும். 230 வோல்ட் பம்பை இந்தச் சுற்றில் இணைக்கவே கூடாது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்; தொட்டிக்குள் நாள்தோறும் கையை விடுபவர் நாம்.

வாங்கும்போது பம்பின் தண்டு பீங்கானா என்று கேளுங்கள். இரும்புத் தண்டு, துருப்பிடிக்காத வகை என்று சொன்னாலும், உப்புநீரில் நாளடைவில் துருவேறும்.

இன்னொன்று: நீரைச் சுழற்றுவதற்கென்று வைத்திருக்கும் பம்பை மட்டுமே விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். வடிகட்டிக்கு நீர் அனுப்பும் பம்பும், காற்றுக்குமிழி பம்பும் நிற்காமல் ஓடட்டும். நீரை மேலே ஏற்றும் பம்பை நிறுத்தினால் ஒவ்வொரு முறையும் குழாய் வழியே நீர் கீழே திரும்பும். கீழே வடிகட்டிக்கென்று வைத்த தொட்டி நிரம்பி வழியலாம்.

தேவையான பொருட்கள்

நேரம் அளக்கும் 555 ஐ.சி. (பல பாகங்கள் அடங்கிய சில்லு) ஒன்று, அதற்கான 8 கால் சாக்கெட். 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் (குமிழைத் திருப்பி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) 2. 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் பாகம்) 3, 1 கிலோ ஓம் 1, 100 ஓம் 1. 1என்4148 டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) 2. 1என்5819 டையோடு 1. கெபாசிட்டர்களில் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) 100 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் 1, 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் 1, 0.1 மைக்ரோஃபாரட் 1, 0.01 மைக்ரோஃபாரட் 1. ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட் (மின்னழுத்தத்தால் இயங்கும் சுவிட்ச்) 1, எல்.இ.டி. 1, பிரெட்போர்டு (பற்றவைக்காமல் செருகிப் பார்க்கும் பலகை), துளைப் பலகை, 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி. ராமநாதபுரத்தில் டி.வி. பழுதுபார்க்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காததை மதுரைக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம்.

பட்டியலில் ரிலே, அதாவது காந்தச் சுருளால் மின்முனைகளைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச், இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 5 விநாடி ஓட்டம், 5 விநாடி நிறுத்தம் என்றால் ஒரு நாளைக்கு 8,640 முறை இணைத்துப் பிரிக்க வேண்டும். சிறிய ரிலேக்களின் மின்முனைகள் சுமார் 1 லட்சம் முறை தாங்கும் என்றுதான் பொதுவாகக் குறிப்பிடுவார்கள். பன்னிரண்டு நாளில் அந்த எண்ணிக்கை தீர்ந்துவிடும். மாஸ்ஃபெட்டில் அசையும் பாகமே இல்லை.

555 எப்படி நேரத்தை அளக்கிறது

இந்த ஐ.சி.யை ஹான்ஸ் கமென்சிண்ட் வடிவமைத்தார். 1972இல் சிக்னெடிக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றும் அதை மிஞ்சிய எளிமை எனக்குத் தெரிந்து இல்லை. உள்ளே சம அளவுள்ள மூன்று ரெசிஸ்டர்கள் மின்னழுத்தத்தை மூன்றாகப் பங்கிடுகின்றன. 12 வோல்ட் கொடுத்தால் எல்லைக் கோடுகள் 4 வோல்ட்டிலும் 8 வோல்ட்டிலும் விழும். வெளியே நாம் வைக்கும் கெபாசிட்டரில் மின்னூட்டம் 8 வோல்ட் வரை ஏறும். அதுவரை 3ஆம் கால் உயர்ந்து நின்று பம்பை ஓட்டும். 8ஐத் தொட்டதும் 7ஆம் கால் வழியே வடியத் தொடங்கும், பம்ப் நிற்கும். 4க்கு இறங்கியதும் மறுபடி ஏற்றம். கடலோரத்தில் ஏற்றம், வற்றம் என்று சொல்கிறோமே, அதேதான்.

உடன் உட்கார்ந்து செய்த அண்ணன் மகன், "சித்தப்பா, ஒரே ஒரு குமிழ் வைத்தால் போதாதா?" என்று கேட்டான். போதாது. புத்தகங்களில் முதலில் வரும் எளிய சுற்றில் மின்னூட்டம் ஏறும் வழியிலும் இறங்கும் வழியிலும் அதே ரெசிஸ்டர் இருக்கும். ஒன்றைத் திருத்தினால் மற்றதும் மாறிவிடும். ஓடும் நேரத்துக்கு ஒரு குமிழ், நிற்கும் நேரத்துக்கு ஒரு குமிழ் என்று பிரித்தால்தான் உங்கள் தொட்டிக்கு ஏற்ற தாளம் அமையும். இரண்டு 1என்4148 டையோடுகள் அதற்காகத்தான்: ஏறும் வழி ஒன்று, இறங்கும் வழி வேறு.

பிரெட்போர்டில் இணைத்தல்

ஐ.சி.யின் ஒரு முனையில் உள்ள சிறு பிளவு மேலே இருக்கும்படி வையுங்கள். இடது மேல்மூலை 1ஆம் கால். அங்கிருந்து கீழே 4 வரை, பிறகு வலது கீழிருந்து மேலே 5 முதல் 8 வரை.

1ஐ அடாப்டரின் மைனஸுடனும், 8ஐயும் 4ஐயும் அதன் பிளஸுடனும் இணையுங்கள். 2ஐயும் 6ஐயும் ஒரு வயரால் சேருங்கள். அந்தச் சந்திப்பிலிருந்து மைனஸுக்கு 100 மைக்ரோஃபாரட். கெபாசிட்டரின் கோடு போட்ட பக்கம் மைனஸில். 5ஆம் காலிலிருந்து மைனஸுக்கு 0.01.

இனி ஏறும் வழி. பிளஸிலிருந்து 7க்கு ஒரு 10 கிலோ ஓம். 7லிருந்து முதல் டையோடு. அதன் ஒரு முனையில் உள்ள வளையக் கோடு 7க்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். டையோடிலிருந்து முதல் பொட்டென்ஷியோமீட்டரின் நடுக்காலுக்கு. அதன் ஓரக்கால் ஒன்றிலிருந்து 2–6 சந்திப்புக்கு.

இறங்கும் வழி. 2–6 சந்திப்பிலிருந்து இரண்டாம் பொட்டென்ஷியோமீட்டரின் ஓரக்கால், அதன் நடுக்காலிலிருந்து இன்னொரு 10 கிலோ ஓம், அதன் பிறகு இரண்டாம் டையோடு, முடிவில் 7. இந்த டையோடின் வளையம் 7ஐப் பார்க்க வேண்டும். தொடங்குபவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இரண்டு வளையங்களும் ஒரே பக்கம் திரும்பியிருந்தால் சுற்று துடிக்காது.

3ஆம் காலிலிருந்து 1 கிலோ ஓம், எல்.இ.டி., மைனஸ். பம்பை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். மின்சாரம் கொடுத்தால் எல்.இ.டி. அணைந்து அணைந்து எரிய வேண்டும். முதல் எரிவு மட்டும் நீளமாக இருக்கும். கெபாசிட்டர் அப்போது 4 வோல்ட்டிலிருந்து அல்ல, பூஜ்யத்திலிருந்து ஏறுகிறது. அது பழுதல்ல.

நேரக் கணக்கு எளிது: 0.693 × ரெசிஸ்டர் × கெபாசிட்டர். குமிழ் ஒரு முனையில் 10 கிலோ ஓம், மறுமுனையில் 110 கிலோ ஓம். ஆகவே சுமார் 0.7 விநாடி முதல் 7.6 விநாடி வரை. டையோடு சிறிது மின்னழுத்தத்தை எடுத்துக்கொள்வதால் உண்மையில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வரும். இன்னும் நீளம் வேண்டுமென்றால் 100க்குப் பதில் 220 மைக்ரோஃபாரட் போடுங்கள். பொட்டென்ஷியோமீட்டரை 1 மெகா ஓமாக மாற்ற வேண்டாம். அப்போது ஓடும் மின்னோட்டம் மிக நுண்ணியதாகி, கெபாசிட்டரின் சொந்தக் கசிவே கணக்கைக் குலைத்துவிடும்.

பம்பை இணைத்தல்

மாஸ்ஃபெட்டின் எழுத்துள்ள முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, இடமிருந்து வலமாக கேட், டிரெயின், சோர்ஸ். 3ஆம் காலிலிருந்து 100 ஓம் வழியாக கேட். கேட்டிலிருந்து மைனஸுக்கு மீதமுள்ள 10 கிலோ ஓம். சோர்ஸ் மைனஸில். பம்பின் சிவப்பு வயர் பிளஸில், கறுப்பு வயர் டிரெயினில். மாற்றிக் கொடுத்தால் பம்பின் உள்சுற்று கெட்டுப்போகலாம். 1என்5819ஐ பம்பின் இரு வயர்களுக்குக் குறுக்கே வையுங்கள், வளையம் பிளஸ் பக்கம். நிறுத்தும் கணத்தில் சுருளிலிருந்து எழும் மின்னழுத்தத்தை அது வாங்கிக்கொள்ளும். 1000 மைக்ரோஃபாரட்டை அடாப்டர் நுழையும் இடத்திலும், 0.1ஐ ஐ.சி.யின் 8க்கும் 1க்கும் நெருக்கமாகவும் வையுங்கள். இவை இல்லையென்றால் பம்ப் கிளம்பும்போது ஏற்படும் மின்னழுத்த ஆட்டம் டைமரைக் குழப்பும்.

முதல் சோதனையை வாளி நீரில் செய்யுங்கள். நீரில்லாமல் பம்பை ஓட்டக்கூடாது. சில பம்புகள் மெதுவாகக் கிளம்பும் வகை; அவற்றுக்கு ஓடும் நேரம் 2 விநாடிக்குக் குறையாமல் இருக்கட்டும்.

உப்புக்காற்றுக்கு எதிராக

சுற்றைத் துளைப் பலகையில் ஈயம் வைத்துப் பற்றவைத்து முடித்தவுடன் பெட்டியில் போட்டு மூடிவிட்டால் மற்ற ஊர்களில் போதும். நம் கரையில் போதாது. நான் செய்த முதல் பலகை, ஐப்பசி மழை தொடங்கிய சில வாரங்களில் நேரம் தவறத் தொடங்கியது. 4 விநாடிக்கு வைத்த ஓட்டம் ஒரு நாள் 6, மறுநாள் நிற்காத ஓட்டம். ஐ.சி.யை மாற்றினேன், கெபாசிட்டரை மாற்றினேன், பயனில்லை. பலகையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தபோது 2–6 சந்திப்பைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. உப்பு ஈரத்தை இழுத்து, ஏறும் மின்னூட்டத்தைப் பக்கவாட்டில் கசியவிட்டிருக்கிறது.

அதிலிருந்து நான் விடாமல் செய்வது இது. பற்றவைத்து முடிந்ததும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல்துலக்கியால் அடிப்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுவேன். முழுதும் காய்ந்த பிறகு நிறமற்ற நகப்பூச்சை இரண்டு பூச்சு. சாக்கெட்டின் துளைகளிலும் பொட்டென்ஷியோமீட்டரின் உள்ளேயும் பூச்சு இறங்கக்கூடாது. பெட்டியைத் தொட்டியின் மேல் வைக்காமல் பக்கச் சுவரில் உயர்த்தி மாட்டுவேன். பம்பின் வயர் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு சாண் தாழ்ந்து வளைந்து மேலேற வேண்டும்; வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

வயரில் ஒட்டு போட நேர்ந்தால் அது நீருக்கு வெளியே மட்டும்தான். நீருக்குள் செம்பு வெளிப்பட்டால் டி.சி. மின்சாரம் அதை வேகமாகக் கரைக்கும். கரைந்த செம்பு மீனைவிட இறாலையும் கடல்தாமரையையும் முதலில் கொல்லும்.

தாளம் வைத்தல்

கடலில் எடுத்த பவளத்தையோ கடற்குதிரையையோ தொட்டியில் வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வைக்கக்கூடாது. இரண்டும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்படுபவை; மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. என் தொட்டியில் பொரிப்பகத்தில் பிறந்த இரண்டு கோமாளி மீன்கள் இருக்கின்றன.

அவற்றுக்கு 3 விநாடி ஓட்டம், 5 விநாடி நிறுத்தம் பிடித்திருக்கிறது. உங்கள் தொட்டிக்கு இரண்டு குமிழ்களையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். ஒரு சிட்டிகை உணவைத் தூவி அது எங்கே போகிறது என்று பாருங்கள். எதிர்க் கண்ணாடியில் மோதி உடனே விழுந்தால் ஓடும் நேரத்தைக் குறையுங்கள். மூலையில் தேங்கினால் நிற்கும் நேரத்தைக் குறையுங்கள். மீன் ஓரத்தில் ஒதுங்கி நின்றால் ஓட்டம் அதிகம் என்று பொருள். ஒரு முறைக்கு ஒரு குமிழை மட்டும் திருப்பி, அரை நாள் பொறுத்திருந்து பாருங்கள். சரியான இடம் கிடைத்ததும் பெட்டியின்மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தூசு துடைக்கும் கை குமிழைத் தட்டிவிட்டாலும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடலாம்.